ஒரு பெயரும் இரு புழுக்களும்: உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் நூற்புழுக்களின் வேறுபாடுகள்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன், உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கான அறிவியற் கலைச்சொல் தொகுப்பு ஒன்றின் கையெழுத்துப்படியைச் செப்பம் செய்யும் பணி நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. அதில் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழுக்களுக்கு இரண்டு தனிப் பதிவுகள் இருந்தன. விளக்கமோ இரண்டிற்கும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் வேரில் ஒட்டிக்கொண்டு உண்பவை. இரண்டும் உருண்டைக் கூடாக மாறுபவை. தேவையற்ற இரட்டிப்பு மொழியியல் பயின்றவர் கண்ணை உறுத்தும். எனவே ஒரு பதிவை அடித்துவிட்டு, இரு புழுக்களுக்கும் பொதுவாகத் 'தங்க நூற்புழு' என ஒரே சொல்லைத் தந்தோம். பக்கத்தில் நான்கு வரிகள் மிச்சமாயின. நமக்கும் நிறைவாகவே இருந்தது.

மெய்ப்பு திரும்பி வந்தபோது, அதன் ஓரத்தில் உயிரியல் ஆசிரியை ஒருவர் பென்சிலால் எழுதியிருந்தார்: "ஐயா, இவை இரண்டும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து ஒரு நாடு ஏற்கெனவே பட்டுவிட்டது. நம் பிள்ளைகளும் அப்படியே படிக்க வேண்டுமா?"

அக்குறிப்பு நம்மைச் சுட்டது. பிழை நம்முடையது, அதில் ஐயமில்லை. ஆயினும் அந்த ஆசிரியை குறிப்பிட்ட 'பட்டறிவு' எத்தகையது என அறியும் ஆவல் எழுந்தது. நூலகத்தில் தேடிப் படித்தபோது, மொழியியலாளர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா ஒன்றை உயிரியலாரும் எதிர்கொண்டிருப்பதைக் கண்டோம். இரண்டு பொருள்களுக்கு இடையே வேறுபாடு இருக்கிறது என்பது ஒன்று. அவ்வேறுபாட்டிற்கு எங்கே எல்லைக்கோடு இடுவது என்பது வேறொன்று. அக்கோட்டைத் தவறான இடத்தில் இட்டால் விளைவு ஏட்டோடு நிற்பதில்லை, வயலுக்கும் செல்லும். இதனை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புழுவும் அதன் வாழ்க்கையும்

நூற்புழு என்பது நூலிழை போன்ற, கண்டங்கள் அற்ற உடலையுடைய புழு. அவற்றுள் மண்ணில் தனித்து வாழ்பவை பல. விலங்குகளிலும் செடிகளிலும் ஒட்டுண்ணியாக வாழ்பவையும் பல. நாம் இங்குக் காணும் இரண்டும் குளோபோடெரா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. ஒன்று குளோபோடெரா ரொஸ்டோச்சியென்சிஸ். மற்றொன்று குளோபோடெரா பல்லிடா. இவற்றை உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழுக்கள் எனப் பொதுவாகக் குறிப்பர்.

'முட்டைக்கூடு' என்னும் பெயருக்குக் காரணம் உண்டு. மண்ணில் உறங்கிக் கிடக்கும் முட்டைகளின் அருகே உருளைக்கிழங்குச் செடி வேர்விடும்போது, வேரிலிருந்து கசியும் சில வேதிப்பொருள்கள் முட்டைக்குள் இருக்கும் இளம்புழுவை எழுப்புகின்றன. அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான நீளமுள்ள அவ்விளம்புழு, தன் வாயிலுள்ள ஊசி போன்ற உறுப்பால் வேரைத் துளைத்து உள்ளே புகும். அங்குத் தன் உமிழ்நீர்ப் புரதங்களைச் செலுத்தி, அடுத்தடுத்த உயிரணுக்களின் சுவர்களைக் கரைத்து, அவற்றை ஒரே பெரிய ஊட்டக் கலமாக மாற்றிக்கொள்ளும். அதன்பின் புழு இடம்பெயர்வதில்லை. அக்கலமே அதன் உணவுக்கூடம்.

பெண்புழு பருத்து உருண்டையாகி, வேரின் மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரியும். குண்டூசித் தலையளவு முத்துகள் வேரில் ஒட்டியிருப்பது போன்ற காட்சி அது. ஆண்புழுவோ நூல்வடிவிலேயே இருந்து, வேரைவிட்டு வெளியேறிப் பெண்ணைத் தேடும். புழு ஆணாவதும் பெண்ணாவதும் அதற்குக் கிடைக்கும் உணவைப் பெரிதும் பொறுத்தது. ஊட்டக் கலம் செழித்தால் பெண்புழுக்கள் மிகும். நலிந்தால் ஆண்புழுக்கள் மிகும்.

கருவுற்ற பெண்புழு இறந்தபின் அதன் தோல் கெட்டிப்பட்டுப் பழுப்பு நிறக் கூடாகிறது. அதனுள் சில நூறு முட்டைகள் இருக்கும். உருளைக்கிழங்கு பயிரிடப்படாத நிலத்திலும் அவை இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு காத்திருக்க வல்லவை. ஆகவே, இப்புழு ஒருமுறை நுழைந்த நிலத்திலிருந்து அதனை முற்றிலும் அகற்றுவது மிக அரிது. தானாக நகரும் ஆற்றல் அதற்குக் குறைவு. கிழங்கில் ஒட்டிய மண், ஏர், வண்டிச் சக்கரம், காலணி ஆகியவற்றின் வழியே மனிதனே அதனை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்கிறான்.

பெயர் வந்த வழி

இப்புழுக்களின் தாயகம் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடர். உருளைக்கிழங்கின் தாயகமும் அதுவே. 1840களில் ஐரோப்பாவில் கருகல் நோய் உருளைக்கிழங்கை அழித்து, அயர்லாந்தில் பெரும்பஞ்சம் விளைந்தது. அதன்பின், நோயைத் தாங்கும் இரகங்களைத் தேடித் தென்னமெரிக்காவிலிருந்து புதிய கிழங்குகள் ஐரோப்பாவிற்குக் கொண்டுவரப்பட்டன. அக்கிழங்குகளோடு ஒட்டிய மண்ணில் முட்டைக்கூடுகளும் வந்திருக்க வேண்டும் என்பதே அறிஞர் பலரின் கருத்து.

ஜெர்மனியின் ரொஸ்டோக் நகருக்கு அருகில் உருளைக்கிழங்கு வேரில் இக்கூடுகளை 1881ஆம் ஆண்டு யூலியுஸ் கூன் கண்டார். அக்காலத்தில் சர்க்கரைக் கிழங்கைத் தாக்கும் கூட்டுப்புழு ஒன்று ஏற்கெனவே அறியப்பட்டிருந்தது. எனவே உருளைக்கிழங்கில் கண்டதும் அதே புழுவே எனக் கொள்ளப்பட்டது. அது தனிச் சிற்றினம் என வோலன்வெபர் 1923இல் வரையறுத்து, ரொஸ்டோக் நகரின் பெயரையே அதற்குச் சூட்டினார். 'ரொஸ்டோச்சியென்சிஸ்' என்பதற்கு 'ரொஸ்டோக்கைச் சேர்ந்தது' என்பது பொருள். எலுமிச்சை வடிவக் கூடுடையவற்றிலிருந்து உருண்டைக் கூடுடையவற்றைப் பிரித்துக் குளோபோடெரா என்னும் தனிப் பேரினமாக்கியது 1975இல் நிகழ்ந்தது.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். முதலில் ஒரு பெயருக்குள் இரு புழுக்கள் இருந்தன, பிரித்தனர். பிரித்தபின் கிடைத்த புதிய பெயருக்குள்ளும் மீண்டும் இரண்டு ஒளிந்திருந்தன. அதனை உணர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

எதிர்ப்பு இரகமும் அதன் விளைவும்

இங்கிலாந்தில் இப்புழுவால் விளைச்சல் குன்றியதால், அதனைத் தாங்கும் உருளைக்கிழங்கைத் தேடும் முயற்சி தொடங்கிற்று. தென்னமெரிக்காவிலிருந்து திரட்டிய கிழங்குத் தொகுப்பைச் சோதித்த எலன்பி, ஆண்டீஸ் மலையில் பயிராகும் ஆண்டிஜெனா வகைக் கிழங்குகள் சிலவற்றில் எதிர்ப்புத்திறன் இருப்பதை 1952இல் அறிவித்தார். அத்திறனுக்குக் காரணம் ஒரே ஒரு மரபணு. அதற்கு எச்-1 எனப் பெயரிட்டனர். அம்மரபணு உள்ள வேரில் புழு புகுந்தால், ஊட்டக் கலத்தைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் மடிந்து உணவுவழி அறுபடும். பெண்புழு வளராது, கூடும் தோன்றாது.

ஒரே மரபணு என்பதால் அதனைப் புதிய இரகங்களுக்குள் கொண்டுவருவது எளிதாயிற்று. கேம்பிரிட்ஜில் உருவாக்கப்பட்டு 1966இல் வெளிவந்த 'மாரிஸ் பைப்பர்' என்னும் இரகம் இம்மரபணுவைத் தாங்கியது. பொரிப்பதற்கும் அவிப்பதற்கும் ஏற்ற அவ்விரகம் இன்றும் பிரித்தானியரின் விருப்பத்திற்குரியதாக உள்ளது.

ஆனால் 1950களின் பிற்பகுதியிலிருந்தே ஆய்வாளர் ஒன்றைக் கண்டுவந்தனர். சில நிலங்களின் புழுக்களை எச்-1 தடுத்தது. வேறு சில நிலங்களின் புழுக்களோ அதனைப் பொருட்படுத்தவே இல்லை. இவற்றை ஒரே சிற்றினத்தின் 'நோய்த்திற வகைகள்' எனக் கொண்டு, ஆங்கில எழுத்துகளால் பிரித்துக் குறித்தனர். வேறுபாடு தெரிந்திருந்தது, அதன் ஆழம் தெரியவில்லை.

மாரிஸ் பைப்பர் பரவிய நிலங்களில் ஒரு வகைப் புழு குறைந்தது. போட்டியின்றி மற்றது பெருகிற்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் எடுக்கப்பட்டு 2002இல் வெளியான கணக்கெடுப்பு இதனைத் தெளிவாகக் காட்டிற்று. ஆராய்ந்த உருளைக்கிழங்கு நிலங்களுள் 64 விழுக்காட்டில் முட்டைக்கூடுகள் இருந்தன. அவ்வாறு தாக்குண்ட நிலங்களுள் 67 விழுக்காட்டில் பல்லிடா மட்டும் இருந்தது. 8 விழுக்காட்டில் ரொஸ்டோச்சியென்சிஸ் மட்டும் இருந்தது. 25 விழுக்காட்டில் இரண்டும் கலந்திருந்தன. எதனைத் தடுக்க இரகம் உருவாக்கப்பட்டதோ அது சிறுபான்மையாயிற்று. அதன் நிழலில் மறைந்திருந்தது நிலத்தை ஆண்டது.

ஆசிரியை குறிப்பிட்ட 'பட்டறிவு' இதுவே. இதற்குப் பெயர் ஒன்றே காரணம் என்று கூறுவது மிகையாகும். பல்லிடாவைத் தடுக்கும் திறன் ஒரே மரபணுவில் அடங்காமல் பல மரபணுக்களில் சிதறிக் கிடப்பதால், அதற்கேற்ற நல்ல இரகத்தை உருவாக்குவது கடினமாக இருந்தது. எனினும், உழவர் கையில் இருந்த சொல் ஒன்றே. 'இந்த இரகம் புழுவைத் தாங்கும்' என்னும் தொடரில் 'புழு' என்பது எந்தப் புழு என்ற வினா எழுவதற்கு அவ்வொற்றைச் சொல் இடம் தரவில்லை.

நிறம் சொன்ன செய்தி

வேரில் ஒட்டியிருக்கும் பெண்புழுக்களை உற்றுநோக்கியோர் நிறத்தில் வேறுபாடு கண்டனர். சில நிலங்களில் பெண்புழு முதலில் வெண்மையாக இருந்து, பொன்மஞ்சளாகி, இறந்தபின் பழுப்பாயிற்று. வேறு சில நிலங்களில் வெண்மை அல்லது பாலேட்டு நிறத்திலிருந்து இடையில் பொன்னிறம் பெறாமலே பழுப்பாயிற்று. எச்-1 மரபணுவிற்கு அடங்காத புழுக்களுள் பல இந்த இரண்டாம் வகையினவாக இருந்தன.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஸ்டோன், நிறத்தோடு உடலமைப்பு வேறுபாடுகளையும் சேர்த்து ஆராய்ந்து, வெளிறிய புழுவைத் தனிச் சிற்றினமாக 1970களின் தொடக்கத்தில் விவரித்தார். 'பல்லிடா' என்னும் இலத்தீனச் சொல்லுக்கு 'வெளிறியது' என்பது பொருள். பொன்னிறக் கட்டத்தைக் கடக்கும் பழைய சிற்றினம் ரொஸ்டோச்சியென்சிஸ் என்ற பெயரையே தாங்கி நின்றது. 'தங்க நூற்புழு' என்னும் வழக்குப்பெயர் இதற்கே உரியது. நாம் அப்பெயரை இரண்டிற்கும் பொதுவாக்கியது எத்துணைப் பிழை என்பது இங்கு விளங்கும். பொன்னிறமே அடையாத புழுவிற்குத் தங்கத்தின் பெயரைச் சூட்டிவிட்டோம்.

நிறம் எளிய அடையாளம்தான். ஆயினும் அது போதுமானதன்று. பொன்னிறம் தெரிவது பெண்புழுவின் வாழ்வில் சில வாரங்களே. மண்ணைச் சலித்துக் கிடைக்கும் பழைய கூடுகள் இரு சிற்றினத்திலும் பழுப்பு நிறமே. ஆகவே பிற அளவுகளை நாட வேண்டியதாயிற்று.

அளவுகளும் அவற்றின் மேற்படிதலும்

உருப்பெருக்கியின் கீழ் ஆய்வாளர் நோக்கும் அடையாளங்கள் சில உள. அவற்றுள் நான்கை மட்டும் இங்குக் காண்போம்.

முதலாவது, இளம்புழுவின் வாய் ஊசியின் நீளம். ரொஸ்டோச்சியென்சிஸில் அது ஏறத்தாழ 19 முதல் 23 மைக்ரோமீட்டர்; பல்லிடாவில் ஏறத்தாழ 22 முதல் 24 மைக்ரோமீட்டர். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இரண்டாவது, அவ்வூசியின் அடியிலுள்ள குமிழ்களின் வடிவம். முன்னதில் அவை உருண்டிருக்கும். பின்னதில் முன்னோக்கிக் கூர்ந்திருக்கும்.

மூன்றாவது, கூட்டின் பின்புறத்தில் கழிவாய்க்கும் பிறப்புறுப்புத் துளைக்கும் இடையே உள்ள தோல் வரிகளின் எண்ணிக்கை. ரொஸ்டோச்சியென்சிஸில் 16 முதல் 31 வரை, சராசரி 21 அல்லது 22. பல்லிடாவில் 8 முதல் 20 வரை, சராசரி 12.

நான்காவது, கிரானெக் விகிதம் எனப்படுவது. மேற்கூறிய இடைவெளியின் நீளத்தைத் துளைப்பகுதியின் விட்டத்தால் வகுத்துப் பெறும் எண் இது. முன்னதில் சராசரி 3.6, பின்னதில் 2.3.

மாணவர் இவ்வெண்களைச் சற்றே நின்று நோக்குதல் நன்று. ஒரு கூட்டில் 18 வரிகள் இருப்பின் அது எந்தச் சிற்றினம்? இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். வாய் ஊசியின் நீளம் 22 மைக்ரோமீட்டராக இருப்பின்? அப்போதும் விடை அதுவே. இரு சிற்றினங்களின் அளவுகளும் ஓரங்களில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. தனியொரு புழுவைத் தனியோர் அளவால் அளந்து தீர்ப்புக் கூற இயலாது. பல புழுக்களை அளந்து சராசரி காண வேண்டும். ஓரடையாளத்தை மட்டும் நம்பாமல் பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மொழியியல் மாணவர்க்கு இது புதிதன்று. இரு வட்டார வழக்குகளைப் பிரிக்கும்போது ஒரு சொல்லையோ ஓர் ஒலியையோ மட்டும் கொண்டு எல்லை வகுப்பதில்லை. ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனியே எல்லைக்கோடு வரைந்து, பல கோடுகள் எங்கே நெருங்கிக் கற்றையாகச் செல்கின்றனவோ அங்கேதான் வழக்கெல்லை உள்ளது எனக் கொள்வோம். புழுவியலாரும் அதையே செய்தனர். நிறம், ஊசி, குமிழ், வரி, விகிதம் ஆகிய ஐந்தும் ஒரே பக்கம் சாய்வதைக் கண்டபின்னரே இரண்டு எனத் துணிந்தனர். பின்னர்ப் புரதங்களையும், அதன்பின் டி.என்.ஏ. வரிசையையும் ஒப்பிடும் முறைகள் வந்தன. அவையும் அதே எல்லையையே உறுதி செய்தன. இன்று ஆய்வகத்தில் ஒரே ஒரு கூட்டிலிருந்து டி.என்.ஏ.வைப் பெருக்கிச் சிற்றினத்தை அறிய இயலும்.

மலைத்தொடரில் ஓர் எல்லைக்கோடு

எல்லைக்கோடு என்பது உவமை மட்டுமன்று; இப்புழுக்களின் தாயகத்தில் அத்தகைய ஒன்று நிலத்திலேயே காணப்பட்டது. பெரு, பொலிவியா ஆகிய நாடுகளின் வயல்களில் கூடுகளைத் திரட்டி ஆராய்ந்தோர், டிட்டிகாக்கா ஏரியை ஒட்டி, தெற்கு அகலாங்கு ஏறத்தாழ 15.6 பாகையில் ஓர் எல்லை இருப்பதை 1975இல் அறிவித்தனர். அதற்கு வடக்கே பெரும்பாலும் பல்லிடா. தெற்கே பெரும்பாலும் ரொஸ்டோச்சியென்சிஸ். எல்லைப் பகுதியில் இரண்டும் கலந்திருந்தன.

அண்மைக்கால மரபணு ஆய்வுகள் மேலும் ஒரு செய்தியைத் தந்தன. பெரு நாட்டின் பல்லிடாப் புழுக்களே தம்முள் ஒன்றுபோல இல்லை. வடக்கிலிருந்து தெற்காக அவை பல கிளைகளாகப் பிரிந்துள்ளன. சில கிளைகளுக்கு இடையே உள்ள மரபணுத் தொலைவு மிகப் பெரிது. ஐரோப்பாவிலுள்ள பல்லிடாப் புழுக்களோ அக்கிளைகளுள் ஒன்றை மட்டுமே சார்ந்தவை. டிட்டிகாக்கா ஏரியின் வடகரைக்கும் குஸ்கோ நகருக்கும் இடைப்பட்ட சிறு பகுதியிலிருந்தே அவை சென்றிருக்க வேண்டும் என 2008இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

கடல் கடந்து குடியேறிய மக்கள் தாயகத்தின் எல்லா வட்டார வழக்குகளையும் உடன் கொண்டுசெல்வதில்லை. தாம் புறப்பட்ட பகுதியின் வழக்கையே கொண்டுசெல்கின்றனர். குடியேறிய இடத்தில் கேட்கும் பேச்சைக் கொண்டு தாயகத்து மொழி முழுவதையும் அறிந்துவிட்டதாக எண்ணுவது பிழையாகும். இப்புழுக்களின் நிலையும் அதுவே. இதில் நடைமுறை ஆபத்து ஒன்றும் அடங்கியுள்ளது. ஐரோப்பாவில் உருவாக்கப்படும் எதிர்ப்பு இரகங்கள் ஐரோப்பியப் புழுக்களைக் கொண்டே சோதிக்கப்படுகின்றன. ஆண்டீஸின் வேறொரு கிளை நாளை ஒரு பிடி மண்ணில் வந்து இறங்கினால், அவ்விரகங்கள் அதனைத் தடுக்கும் என்பதற்கு உறுதி இல்லை. 'அந்தப் புழுதான் இங்கே முன்பே இருக்கிறதே' என்று துறைமுகக் காவலைத் தளர்த்தலாகாது என அறிஞர் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. பெயர் ஒன்றாயினும் வந்து சேர்வது வேறாக இருக்கக்கூடும்.

ஐரோப்பிய ஆய்வாளர் 1977இல் வகுத்த முறையின்படி, எதிர்ப்பு இரகங்களை வெல்லும் திறனைக் கொண்டு ரொஸ்டோச்சியென்சிஸ் ஐந்து வகையாகவும் பல்லிடா மூன்று வகையாகவும் பிரிக்கப்பட்டன. தென்னமெரிக்கப் புழுக்களுக்கு அதே ஆண்டில் வேறொரு வகைப்பாடு வெளிவந்தது. பல்லிடாவின் வகைகளுக்கு இடையே கூர்மையான பிளவு இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குப் படிப்படியாகச் செல்லும் தொடர்ச்சியே உள்ளது எனப் பின்னர்ப் பலர் கருதினர். சிற்றினங்களுக்கு இடையே கோடு தெளிவாக விழுந்தது. சிற்றினத்திற்குள் அது மங்கிற்று. இருக்கும் கோட்டை அழிப்பது பிழை. இல்லாத கோட்டை இடுவதும் பிழையே.

மரபணுவில் ஓரிடம்

இனி மிகச் சிறிய வேறுபாட்டிற்கு வருவோம். பல்லிடாவின் மரபணுத் தொகுதி 2014இலும், ரொஸ்டோச்சியென்சிஸின் மரபணுத் தொகுதி 2016இலும் வெளியிடப்பட்டன. முன்னது ஏறத்தாழ 12 கோடி டி.என்.ஏ. எழுத்துகளும் பின்னது ஏறத்தாழ 9.6 கோடி எழுத்துகளும் கொண்ட வரிசைகள். வேருக்குள் செலுத்தும் உமிழ்நீர்ப் புரதங்களுக்கான மரபணுக் குடும்பங்கள் இவற்றில் பெருகியிருப்பது குறிப்பிடத்தக்கது.

அப்புரதங்களுள் ஒன்று ஆர்.பி.பி.-1 எனப்படும். சில உருளைக்கிழங்குச் செடிகளில் உள்ள ஜி.பி.ஏ.-2 என்னும் எதிர்ப்பு மரபணு, இப்புரதத்தைப் பகையென அறிந்து செடியை எச்சரிக்கிறது. ஆயின் எல்லாப் பல்லிடாப் புழுக்களின் புரதத்தையும் அது அறிவதில்லை. 2009இல் வெளியான ஆய்வு இதன் காரணத்தை ஆராய்ந்தது. அப்புரதத்தின் 187ஆம் இடத்தில் புரோலின் என்னும் அமினோ அமிலம் இருந்தால் செடி அதனை அறிந்துகொள்கிறது. அவ்விடத்தில் செரின் இருந்தால் அறியாது விட்டுவிடுகிறது.

'புலி' என்பதற்கும் 'புளி' என்பதற்கும் உள்ள வேறுபாடு ஓரெழுத்தே. செவி அதனைப் பிரித்தறிய வேண்டும். ல, ள ஒலிகளைப் பிரித்துக் கேளாத செவிக்கு அவ்விரு சொற்களும் ஒன்றே. வேரும் இவ்வகையில் ஒரு செவிதான். எச்-1 மரபணு ஒன்றைக் கேட்கும், ஜி.பி.ஏ.-2 வேறொன்றைக் கேட்கும். எந்தச் செவியும் எல்லாவற்றையும் கேட்பதில்லை. ஆகவே ஓரே எதிர்ப்பு மரபணுவை நம்பி ஆண்டுதோறும் அதே இரகத்தைப் பயிரிட்டால், அச்செவிக்குக் கேளாத புழுக்களே எஞ்சிப் பெருகும். மாரிஸ் பைப்பர் நிலங்களில் சிற்றின அளவில் நிகழ்ந்தது, ஒரே சிற்றினத்திற்குள்ளும் நிகழக்கூடும்.

நீலகிரியில்

இச்செய்தி தொலைநாட்டுக் கதை மட்டுமன்று. தமிழ் பேசும் உழவர் வாழ்விலும் இது நுழைந்துள்ளது. உதகமண்டலத்தில் உள்ள விஜயநகரம் பகுதியில் 1961ஆம் ஆண்டு இப்புழு கண்டறியப்பட்டது. இந்தியாவில் அதுவே முதன்முறை. கண்டறிந்தவர் ரோதம்ஸ்டெட்டைச் சேர்ந்த ஜோன்ஸ். குளிர்ந்த மலைமண் இப்புழுவிற்கு ஏற்றது. தொடர்ந்து நடந்த ஆய்வுகளில், நீலகிரி நிலங்களில் பொன்னிறப் புழு, வெளிறிய புழு இரண்டுமே இருப்பது தெரியவந்தது. பின்னர்க் கொடைக்கானல் மலையிலும் இவை காணப்பட்டன.

புழு பிற மாநிலங்களுக்குப் பரவாதிருக்க, நீலகிரியின் விதைக்கிழங்கு வெளியே செல்வதை 1971 முதல் அரசு தடுத்தது. ஒரு மலையின் விதைக்கிழங்கு வணிகம் ஒரு புழுவால் அடைபட்டது. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1985இல் 'குஃப்ரி ஸ்வர்ணா' என்னும் இரகத்தை நீலகிரிக்கென வெளியிட்டது. காட்டுக் கிழங்கினம் ஒன்றின் துணையால் உருவான அது, இரு சிற்றினங்களையும் எதிர்க்கும் வகையில் அமைந்தது. இரண்டு புழுக்கள் உள்ளன என்பதை உணர்ந்தபின் தேர்ந்தமையால் கிட்டிய பயன் அது. எதிர்ப்பு இரகத்தோடு, பட்டாணி, முட்டைக்கோசு, கேரட், பூண்டு போன்ற பயிர்களை மாற்றி மாற்றி விதைப்பதும் உழவர்க்கு அறிவுறுத்தப்படுகிறது. அவற்றின் வேர் இப்புழுவிற்கு உணவாகாது.

நீலகிரி உழவர் ஒருவர் நம் தொகுப்பைப் புரட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என எண்ணிப் பார்த்தோம். தம் வயலின் வேரில் பொன்னிற முத்துகள் இல்லை, வெண்முத்துகளே உள்ளன எனக் கண்டு, 'இது தங்க நூற்புழு அன்று. ஆகவே அஞ்ச வேண்டியதில்லை' என அவர் முடிவு செய்திருக்கக்கூடும். நம் ஒற்றைச் சொல் அவரை அங்கேதான் கொண்டு நிறுத்தியிருக்கும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, வேறுபாடு எல்லா மட்டத்திலும் உள்ளது: சிற்றினங்களுக்கு இடையே, ஒரு சிற்றினத்தின் கிளைகளுக்கு இடையே, ஒரு புரதத்தின் ஓரிடத்தில். இரண்டு, ஓரளவையை மட்டும் கொண்டு எல்லை வகுத்தல் ஆகாது; பல அடையாளங்கள் ஒன்றுபடும் இடத்திலேயே எல்லை நிலைபெறும். மூன்று, வகுத்த எல்லையைப் பெயரில் காட்டாவிடில், அறிந்த வேறுபாடும் அறியாததாகவே ஆகிவிடும்.

ஆசிரியர்கள் வகுப்பறையில் இதனை எளிதாகக் காட்டலாம். தோல் வரிகளின் எண்ணிக்கையாக 10, 18, 25 என்னும் மூன்று எண்களைத் தந்து, ஒவ்வொரு கூடும் எந்தச் சிற்றினம் என மாணவரைக் கேளுங்கள். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உடனே விடை கூறுவர். நடுவிலுள்ளதற்குத் தயங்குவர். அத்தயக்கமே பாடம். 'வேறு எதனை அளக்க வேண்டும்?' என்று அவர்களே கேட்கும்வரை காத்திருங்கள்.

கலைச்சொல் ஆக்குவோர்க்கும் ஒன்று கூற விழைகிறோம். சுருக்கம் நற்பண்புதான், ஆயினும் பொருளிரண்டு இருக்கச் சொல்லைச் சுருக்குதல் பண்பாகாது. துறை வல்லாரைக் கேளாமல் ஒரு பதிவை நீக்கிய நம் செயலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மொழி அறிந்தவர் சொல்லின் வடிவத்தைச் செப்பம் செய்யலாம். சொல் எத்தனை என்பதைத் துறை அறிந்தவரே கூற வேண்டும்.

அந்த ஆசிரியைக்கு நன்றி கூறி, நீக்கிய பதிவை மீண்டும் சேர்த்தோம். 'பொன்னிற முட்டைக்கூட்டு நூற்புழு' என்றும், 'வெளிர்நிற முட்டைக்கூட்டு நூற்புழு' என்றும் இரு சொற்களை அவருடன் கலந்து அமைத்தோம். ஒவ்வொன்றின் கீழும் மற்றதிலிருந்து அது வேறுபடும் அடையாளத்தை ஒரு வரியில் தந்தோம். நாம் மிச்சப்படுத்திய நான்கு வரிகள் இப்போது ஆறு வரிகளாகத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன.